எலெக்ஸ் ஏன் நிறுத்தப்பட்டது? லித்தியம் ஐசோடோப்புகளை மின்வேதியியல் வழியில் பிரிப்பது குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஓக் ரிட்ஜ் நகரின் ஒய்-12 அணு ஆயுத வளாகத்தில், 1953 ஆகஸ்டில் ஓர் ஆலை ஓடத் தொடங்கியது. அதன் பெயர் எலெக்ஸ். லித்தியத்தின் இரண்டு ஐசோடோப்புகளை, அதாவது எடை மட்டும் வேறான இரண்டு அணு வகைகளை, மின்சாரத்தைக் கொண்டு பிரிப்பது அதன் வேலை. 1956 தொடக்கத்தில் அது நிறுத்தப்பட்டது. மூன்று ஆண்டுகூட முழுதாக ஓடவில்லை.

அது வேலை செய்யாததால் மூடப்பட்டதல்ல. லித்தியம்-6 அதிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதே வளாகத்தின் வேறு கட்டடங்களில் 1955-இல் ஓடத் தொடங்கிய கோலெக்ஸ் என்ற முறை, அதே பாதரசத்தையும் அதே லித்தியம் ஹைட்ராக்சைடு கரைசலையும் வைத்துக்கொண்டு அதைவிடச் சிக்கனமாகப் பிரித்தது. மின்சாரத்தை நடுவில் வைத்த முறை தோற்றது. அதை ஓரத்துக்குத் தள்ளிய முறை வென்றது.

இதை இப்போது கிளறக் காரணம் இருக்கிறது. 2025 மார்ச்சில், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தோடும் சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிக்கோடும் தொடர்புடைய ஆய்வுக் குழு ஒன்று, பாதரசமே இல்லாமல் வெனேடியம் ஆக்சைடு மின்முனையால் லித்தியம்-6ஐச் செறிவூட்டிய முடிவுகளை வெளியிட்டது. செய்திகள் அதை உற்சாகமாக வரவேற்றன. அந்த உற்சாகத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் எலெக்ஸ் எதில் தோற்றது என்று பார்க்காமல் இந்தப் புதிய முறையை எடைபோட முடியாது.

பிரிக்க வேண்டிய தேவை

இயற்கை லித்தியத்தில் ஏறத்தாழ 92.5 சதவீதம் லித்தியம்-7, மீதி 7.5 சதவீதம் லித்தியம்-6. வேதியியலில் இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. ஆனால் நியூட்ரானுக்கு முன்னால் இரண்டும் வேறு வேறு பொருள்கள். வேகம் குறைந்த வெப்ப நியூட்ரான்களை உட்கவரும் குறுக்குப் பரப்பு லித்தியம்-6க்கு சுமார் 940 பார்ன், லித்தியம்-7க்கு 0.045 பார்ன் (பார்ன் என்பது அந்தப் பரப்பை அளக்கும் அலகு). இருபதாயிரம் மடங்கு வித்தியாசம்.

அதனால் ஒரு துறைக்கு வேண்டியது இன்னொரு துறைக்கு ஆகாது. அழுத்த நீர் அணு உலைகளில் குளிர்விக்கும் நீரின் காரத்தன்மையைச் சரிசெய்ய லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்க்கிறார்கள். அதில் லித்தியம்-6 கலந்திருந்தால் அது நியூட்ரானை விழுங்கி ட்ரிடியமாக, அதாவது கதிரியக்க ஹைட்ரஜனாக, மாறும். ஆகவே 99.9 சதவீதத்துக்கும் மேல் தூய லித்தியம்-7 வேண்டும். ஓக் ரிட்ஜில் 1965 முதல் 1969 வரை ஓடிய உருகிய உப்பு உலைக்கு இன்னும் கடுமையான தூய்மை தேவைப்பட்டது. அளவில் பெரிய சந்தை அல்ல. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2013-இல் சொன்ன கணக்குப்படி அங்குள்ள 65 உலைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு சுமார் 300 கிலோதான். ஆனால் அந்த 300 கிலோவும் சீனாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வரவேண்டியிருந்தது என்பதுதான் அந்த அறிக்கையின் கவலை.

அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் இணைவு உலைகளுக்கு நேர்மாறாக லித்தியம்-6 வேண்டும். அது நியூட்ரானை ஏற்று ட்ரிடியமாகவும் ஹீலியமாகவும் உடைகிறது; அந்த ட்ரிடியம்தான் எரிபொருள். ஒரு கிகாவாட் இணைவுத் திறன் ஓர் ஆண்டு இடைவிடாமல் ஓடினால் ஏறத்தாழ 56 கிலோ ட்ரிடியம் எரியும். ஒவ்வொரு ட்ரிடியம் அணுவும் ஒரு லித்தியம்-6 அணுவிலிருந்து வருவதாகக் கொண்டால், ஆண்டுக்கு 110 கிலோவுக்குச் சற்று மேல் லித்தியம்-6 செலவாகும். இது எரியும் அளவு மட்டுமே. உலையைச் சுற்றிய போர்வையை முதன்முறை நிரப்ப டன் கணக்கில் வேண்டும்.

மூன்றாவது பயன்பாடு வெப்ப அணுகுண்டு. ஒய்-12இன் லித்தியம் ஆலைகள் அதற்காகவே எழுந்தன. 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத் தீவில் வெடித்த காசில் பிராவோ சோதனையில் எரிபொருளின் லித்தியத்தில் சுமார் 40 சதவீதமே லித்தியம்-6. மீதியிருந்த லித்தியம்-7 பெரிய பங்காற்றாது என்று கணக்கிட்டிருந்தார்கள். வேகமான நியூட்ரான்கள் அதையும் உடைத்து ட்ரிடியம் தந்தன. 6 மெகாடன் எதிர்பார்த்த இடத்தில் 15 மெகாடன் வெடித்தது. ரோங்கெலாப் தீவு மக்களும், அந்தக் கடலில் இருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகின் தொழிலாளர்களும் கதிரியக்கச் சாம்பலில் நனைந்தார்கள். லித்தியம் ஐசோடோப்புகளைப் பற்றி எழுதும் எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

பாதரசம் எப்படிப் பிரிக்கிறது

ஓர் அணு எந்தப் பிணைப்பில் இருந்தாலும் அதிர்ந்துகொண்டே இருக்கும். கனமான அணுவின் அதிர்வு ஆற்றல் சற்றுக் குறைவு. பிணைப்பு விறைப்பாக இருக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகும். தளர்வாக இருக்கும் இடத்தில் மங்கிவிடும். ஆகவே இரண்டு இடங்களுக்கிடையே லித்தியம் மாறி மாறிப் போய்வர விட்டால், கனமான லித்தியம்-7 விறைப்பான இடத்தில் சற்றே அதிகமாகத் தங்கும். லித்தியம்-6 தளர்வான இடத்தில் சற்றே அதிகமாகச் சேரும்.

நீரில் கரைந்த லித்தியம் அயனியை நீர் மூலக்கூறுகள் நெருக்கமாகச் சூழ்ந்து பிடித்திருக்கின்றன. அது விறைப்பான இடம். பாதரசத்தில் கரைந்த லித்தியம், அதாவது ரசக்கலவையில் இருக்கும் லித்தியம், தளர்வான பிடியில் இருக்கிறது. எனவே லித்தியம்-6 பாதரசத்தின் பக்கம் சாய்கிறது. ஒரு கட்டத்தில் கிடைக்கும் பிரித்தல் காரணி சுமார் 1.05 முதல் 1.06 வரை. அதாவது இரு ஐசோடோப்புகளின் விகிதம் ஒரு கட்டத்தில் ஐந்தாறு சதவீதம் நகர்கிறது. லித்தியத்துக்கு இது உண்மையிலேயே பெரிய எண். இரண்டு ஐசோடோப்புகளின் நிறை வித்தியாசம் ஆறில் ஒரு பங்கு என்பதால்தான் இவ்வளவாவது கிடைக்கிறது.

பெர்க்லியில் கில்பர்ட் லூயிஸும் ரொனால்ட் மெக்டொனால்டும் 1936-இல் இதைச் செய்து காட்டினார்கள். லித்தியம் ரசக்கலவையை, ஆல்கஹால் கலந்த லித்தியம் குளோரைடு கரைசலுக்கு எதிராக ஓடவிட்டார்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடியதால் ஒவ்வொரு சிறு ஆதாயமும் அடுத்ததன்மேல் ஏறிக்கொண்டது. எதிரோட்டம் என்ற இந்த ஏற்பாட்டைத்தான் பிறகு ஒய்-12 பெரிய அளவில் எடுத்துக்கொண்டது.

எலெக்ஸும் கோலெக்ஸும்

எலெக்ஸில் பரிமாற்றத்தை ஓட்டியதே மின்சாரம். குளோரின் தயாரிக்கும் ஆலைகளின் பாதரச மின்கலத்தை நினைவூட்டும் அமைப்பு: பாதரசமே எதிர்மின்வாய், அதன்மேல் லித்தியம் கரைசல். மின்னோட்டம் லித்தியத்தைக் கரைசலிலிருந்து பாதரசத்துக்குள் தள்ளும். பாதரசத்தின் பக்கம் வருவதில் லித்தியம்-6 சற்று அதிகம்.

கோலெக்ஸில் உயரமான தூண்கள். ரசக்கலவை ஒரு திசையில் ஓட, லித்தியம் ஹைட்ராக்சைடு கரைசல் எதிர்த்திசையில் ஓடும். இரண்டும் உரசும்போதே லித்தியம் அணுக்கள் தாமாக இடம் மாறிக்கொள்ளும். அந்த இடமாற்றத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம். தூணின் ஒரு முனையில் கரைசலிலிருக்கும் லித்தியத்தை ரசக்கலவையாக மாற்றித் திருப்பி அனுப்ப மட்டும் மின்பகுப்பு வேண்டும். மறுமுனையில் ரசக்கலவையிலிருந்து லித்தியத்தை நீருக்குத் திருப்ப வேண்டும். முனைகளில் நடக்கும் இந்தத் திருப்பத்தைத் திருப்பு ஓட்டம் என்று சொல்லலாம்.

இந்த நிகழ்வின் கரு இந்தத் திருப்பு ஓட்டத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம்.

7.5 சதவீதத்திலிருந்து 90 சதவீத லித்தியம்-6 வேண்டும், பிரித்தல் காரணி 1.057 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பொருளை வெளியே எடுக்க, மூலப்பொருள் நுழையும் இடத்தில் எதிரோட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டிய லித்தியம் குறைந்தபட்சம் 200 கிலோவுக்கும் மேல். இது கோட்பாட்டின் அடிமட்ட எல்லை. நடைமுறையில் இதைவிட அதிகம். ஒரு கிலோ லித்தியத்தை ஒருமுறை மின்பகுக்க 3,860 ஆம்பியர் மணி மின்னேற்றம் வேண்டும். இது பாரடே விதி. பேரம் பேச இடமில்லை. ஒவ்வொரு வோல்ட்டுக்கும் கிலோவுக்கு 3.86 கிலோவாட் மணி. 200 கிலோவுக்கு, வோல்ட் ஒன்றுக்கு, ஏறத்தாழ 770 கிலோவாட் மணி.

கோலெக்ஸ் இந்தச் செலவை முனையில் ஒருமுறை கட்டியது. எலெக்ஸ் போன்ற அமைப்பு கட்டந்தோறும் கட்ட வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தின் பிரித்தல் காரணியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, ஏனென்றால் பாதரசமும் நீரும் அதே பாதரசமும் நீரும்தான். தீர்மானித்தது, மின்சாரத்தை எத்தனை இடத்தில் செலவழிக்க வேண்டும் என்பது. லித்தியம் பிரித்தல் பற்றிய பேச்சில் பிரித்தல் காரணியையே எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எலெக்ஸின் முடிவைப் பார்த்தபிறகு நான் முதலில் கேட்பது திருப்பு ஓட்டத்தின் விலையை.

கோலெக்ஸ் வைத்துவிட்டுப் போனது

வென்ற முறையின் கணக்கையும் பார்த்தாக வேண்டும். 1950 முதல் 1963 வரை ஒய்-12 லித்தியம் வேலைகளுக்குப் பயன்பட்ட பாதரசம் சுமார் 2.4 கோடி பவுண்டு, அதாவது ஏறத்தாழ 11,000 டன். இதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, 24 லட்சம் பவுண்டு, இழக்கப்பட்டது அல்லது கணக்கில் வரவில்லை என்று 1983 மே மாதம்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. இருபது ஆண்டுகள் ரகசியக் கோப்பில் கிடந்த தகவல் அது. ஒரு பகுதி கட்டடங்களின் அடித்தளத்திலும் மண்ணிலும் இறங்கியது. ஒரு பகுதி ஈஸ்ட் ஃபோர்க் பாப்லர் ஓடையில் கலந்தது. ஒரு பகுதி ஆவியாக, தொழிலாளர்களின் மூச்சு வழியே போனது. அந்த ஓடைக்காகத் தனியே ஒரு பாதரசச் சுத்திகரிப்பு ஆலையை இந்த நூற்றாண்டில் கட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொரு எச்சம் எதிர்பாராத இடத்தில் தென்பட்டது. லித்தியம்-6 எடுக்கப்பட்ட மிச்ச லித்தியம் வணிகச் சந்தைக்கு வந்து, சாதாரண ஆய்வக இரசாயனப் புட்டிகளில் அடைபட்டது. அதனால் கடையில் வாங்கும் லித்தியம் உப்பின் அணு எடை புட்டிக்குப் புட்டி மாறுகிறது. இன்று அட்டவணைகளில் லித்தியத்தின் அணு எடை 6.938 முதல் 6.997 வரை என்று ஒரு வீச்சாகத் தரப்படுகிறது. துல்லியமாக எடைபோடும் வேதியியலாளர் தன் புட்டியில் இருப்பது எந்த லித்தியம் என்று அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இனி ஒருவர் பதினோராயிரம் டன் பாதரசத்தைக் கொண்டு ஒரு புதிய கோலெக்ஸ் கட்டுவதை யாரும் ஏற்கப்போவதில்லை. இணைவு உலைகளுக்கான லித்தியம்-6 வேறு வழியில்தான் வர வேண்டும்.

மஞ்சள் தூள், கரும்பச்சைத் தூள்

2025 ஆய்வின் கதாநாயகன் வெனேடியம் பென்டாக்சைடின் ஒரு தனி வடிவம். அதன் படிக அமைப்பில் நீளவாக்கில் சுரங்கங்கள் ஓடுகின்றன, லித்தியம் அயனி நுழையும் அளவுக்கு. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளிலிருந்து மேலே வரும் கழிவு நீரைச் சுத்தம் செய்யும் சவ்வுகளில் அந்தக் குழு வேலை செய்துகொண்டிருந்தது. அந்த நீரிலிருந்து சவ்வு லித்தியத்தை மட்டும் நன்றாகப் பிடிப்பதைக் கவனித்தார்கள். அங்கிருந்துதான் ஐசோடோப்பு பற்றிய கேள்வி பிறந்தது.

மின்முனையாக வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் நீரிலுள்ள லித்தியம் சுரங்கத்துக்குள் ஏறுகிறது. ஏற ஏற, பளிச்சென்ற மஞ்சளில் இருந்த பொருள் கரும் ஆலிவ் பச்சைக்குப் போகிறது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே கணிக்கலாம். குழுவின் விளக்கப்படி, சுரங்கச் சுவர் லித்தியம்-6ஐச் சற்று இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. லித்தியம்-7 எளிதில் கழன்றுவிடுகிறது. ஒரு சுற்றில் லித்தியம்-6 5.7 சதவீதம் செறிவடைந்ததாக முடிவு. பாதரசம் தரும் அதே அளவு, பாதரசமே இல்லாமல். இது சின்ன விஷயமில்லை. இதற்கு முன் ஜப்பானில் கிராஃபைட்டுக்குள் லித்தியத்தை ஏற்றிப் பார்த்த சோதனைகளில் காரணி ஒன்றிரண்டு சதவீத அளவில்தான் நின்றது.

ஆனால் செய்திகளில் பரவிய இன்னொரு கணக்கை நான் ஏற்க மாட்டேன். 25 சுற்றில் 30 சதவீதம், 45 சுற்றில் 90 சதவீதம் என்றார்கள். 7.5ஐ 1.057 ஆல் 25 முறை பெருக்கினால் சரியாக 30 வருகிறது. 45 முறை பெருக்கினால் 90ஐத் தாண்டுகிறது. அதே வழியில் இன்னும் இரண்டு சுற்றுப் போனால் 101 சதவீதம் வந்துவிடும். லித்தியத்தில் 101 சதவீதம் லித்தியம்-6 இருக்க முடியாது.

பிரித்தல் காரணி பெருக்குவது சதவீதத்தை அல்ல, லித்தியம்-6க்கும் லித்தியம்-7க்கும் உள்ள விகிதத்தை. தொடக்கத்தில் அந்த விகிதம் 7.5க்கு 92.5, அதாவது 0.081. முடிவில் 90க்கு 10, அதாவது 9. நூறு மடங்குக்கும் மேலான ஏற்றம். 1.057 வீதம் ஏறினால் இதற்கு ஏறத்தாழ 85 இலட்சியக் கட்டங்கள் வேண்டும். 5.7 சதவீதம் என்பது முதல் சுற்றில் சதவீதம் நகர்ந்த அளவு என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும் 80ஐ ஒட்டித்தான் நிற்கும். 30 சதவீதத்துக்குக் கணக்கு அவ்வளவு மாறுவதில்லை. 28 முதல் 30 கட்டங்கள். செறிவு ஏறும்போதுதான் இடைவெளி விரிகிறது. இது அந்த ஆய்வின் அளவீட்டைக் குறைக்கும் விமர்சனம் அல்ல. ஆலையின் அளவைத் தீர்மானிக்கும் எண் பாதியாகத் தோன்றக் கூடாது என்பதே என் அக்கறை.

எலெக்ஸின் கேள்வியை இதனிடம் கேட்டால்

முதல் சிக்கல், திடப்பொருள் ஓடாது. பாதரசம் ஓடும், அதனால்தான் எதிரோட்டம் இயல்பாகக் கைகூடியது. வெனேடியம் ஆக்சைடு மின்முனை ஓரிடத்தில் நிற்கும். ஒரு சுற்றில் ஏற்றி, கழுவி, வேறொரு கரைசலில் இறக்கி, அந்தக் கரைசலை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். மின்முனையை அசைக்காமல் கரைசல்களை மட்டும் வரிசையாக மாற்றி எதிரோட்டத்தைப் போல நடக்க வைக்கலாம். வேதியியல் பொறியியலில் வேறு பொருள்களுக்கு இப்படிச் செய்கிறார்கள். தூளைக் குழம்பாக்கி ஓடவிடும் மின்முனைகளும் உண்டு. எந்த வழியானாலும் கழுவும்போது கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து சதவீத ஆதாயத்தை ஒரு மோசமான கழுவல் விழுங்கிவிடும்.

இரண்டாவது, மின்முனை கரைசலிலிருக்கும் லித்தியத்தில் ஒரு சிறு பங்கை மட்டுமே எடுக்க வேண்டும். முழுவதையும் எடுத்துவிட்டால் எதுவும் பிரியாது. வந்தது அப்படியே உள்ளே போய்விடும். வேகமாக ஓட்டினாலும் இதே கதைதான். மின்னோட்டத்தை உயர்த்தும்போது மின்முனைப் பரப்பை ஒட்டிய படலத்தில் லித்தியம் தீர்ந்துபோகிறது. அங்கு வந்து சேரும் ஒவ்வோர் அயனியும் தேர்வில்லாமல் உள்ளே இழுக்கப்படுகிறது. பிரித்தல் காரணி 1ஐ நோக்கிச் சரியும். லித்தியத்தை மின்முலாம் பூசும்போது இலகுவான ஐசோடோப்பு முதலில் படிவதை லாஸ் ஏஞ்சலஸில் ஆப்பி கவ்னரின் குழு 2009-இல் அளந்து காட்டியது. அங்கும் மின்னழுத்தமும் அயனிகள் வந்துசேரும் வேகமும்தான் பலனைத் தீர்மானித்தன.

மூன்றாவது விஷயத்தில்தான் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது. ரசக்கலவை நீரோடு வினைபுரிந்து லித்தியத்தை விடும்போது அதில் சேமித்த ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாக வீணாகும். மின்கலப் பொருள் அப்படியல்ல. லித்தியத்தை ஏற்றக் கொடுத்த மின்சாரத்தின் பெரும் பகுதியை இறக்கும்போது திரும்பப் பெறலாம். ஒரு மின்முனையிலிருந்து இறங்கும் லித்தியத்தின் மின்னோட்டம் பக்கத்து மின்முனையில் லித்தியத்தை ஏற்றலாம். அப்போது நிகரச் செலவு ஏற்றும் மின்னழுத்தத்துக்கும் இறக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி மட்டுமே. அது 0.1 வோல்ட்டாக இருந்தால் கிலோவுக்கு ஒரு கடப்பில் 0.4 கிலோவாட் மணிக்கும் குறைவு. எலெக்ஸைக் கவிழ்த்த கட்டந்தோறுமான மின்செலவு, இங்கே முதன்முறையாகத் தாங்கக்கூடிய எண்ணாகத் தெரிகிறது.

மற்ற மின்வேதியியல் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ஆல்ஃபிரட் கிளெம் 1940-களில் தொடங்கிய வழி, உருகிய உப்பில் மின்புலம் செலுத்தி அயனிகளை ஓடவிடுவது. இலகுவானது சற்று முந்தும். சிறிய அளவில் அழகாகப் பிரியும், ஆனால் மின்சாரம் முழுதும் சூட்டில் போகும். ஜப்பானில் லித்தியம் லாந்தனம் டைட்டனேட் போன்ற திட மின்பகுளிச் சவ்வு வழியே லித்தியத்தைக் கடத்தும் ஆய்வுகள் தொடர்கின்றன. சவ்வுக்கு நகரும் பாகமே இல்லை என்பது பெரிய வசதி. எடையை மட்டும் வைத்து வேகத்தில் கிடைக்கக்கூடிய ஆதாயத்தின் உச்சம், 7.016ஐ 6.015 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.08. திடப்பொருளிலும் நீரிலும் அதை எட்டுவது அரிது.

வெனேடியம் ஆக்சைடு குழுவிடமோ, அதைப் பின்தொடரும் வேறு குழுவிடமோ அடுத்த கட்டுரையில் நான் தேடப்போவது மூன்று அளவீடுகள். மின்னோட்ட அடர்த்தி ஏறும்போது பிரித்தல் காரணி எப்படிச் சரிகிறது என்ற வளைகோடு ஒன்று. ஏற்ற இறக்க மின்னழுத்த இடைவெளி, நூற்றுக்கணக்கான சுற்றுகளுக்குப் பிறகும் அளந்தது, இன்னொன்று. மூன்றாவது, இரண்டே இரண்டு கட்டங்களையாவது உண்மையாக எதிரோட்டத்தில் இணைத்து, விகிதம் 1.057இன் வர்க்கமாக, அதாவது 1.117ஆக ஏறியதா என்ற சோதனை. ஒற்றைச் சுற்றின் எண்ணைக் கணினியில் அடுக்குவதற்கும், இரண்டாவது கட்டம் முதல் கட்டத்தின் ஆதாயத்தை இழக்காமல் ஏந்திக்கொண்டதாக நிறமாலைமானி காட்டுவதற்கும் இடையில்தான் எலெக்ஸ் காலத்துப் பொறியாளர்களின் உழைப்பெல்லாம் போனது.